ஆம்பூரிலிருந்து விண்வெளி எவ்வளவு தூரம்?

“சார், எங்கம்மா ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிறாங்க. ஸ்பேஸுக்குப் போறவங்க போட்டுக்கிற ஷூவை நம்ம ஊர்ல தைப்பாங்களா?”

ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்ட கேள்வி இது. நிலாவில் தண்ணீர் இருக்கிறதா, செவ்வாயில் ஆள் இருக்கிறதா என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். இதைக் கேட்க ஆம்பூரில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பேரணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ பிறந்திருக்க வேண்டும்.

பதிலைக் கேட்டதும் அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குள் யாரும் ஷூ போட்டுக்கொண்டு திரிவதில்லை. காலுறை மட்டும்தான். டிரெட்மில்லில் ஓடும்போதுதான் ஷூவை எடுத்து மாட்டுவார்கள். மற்றபடி அங்கே நடை என்பதே கிடையாது, மிதப்புதான். ஓரிடத்தில் நின்று வேலை பார்க்க வேண்டுமென்றால், அங்கே பொருத்தியிருக்கும் கம்பிக்கு அடியில் பாதத்தை நுழைத்துப் பிடித்துக்கொள்வார்கள்.

இதனால் காலுக்கு நடப்பதுதான் வேடிக்கை. பல மாதம் தங்கியவர்களுக்கு உள்ளங்காலில் காய்த்திருந்த தடித்த தோல் உரிந்து மெத்தென்று ஆகிவிடுகிறது. கம்பி உரசி உரசிப் பாதத்தின் மேல்பக்கம் காய்த்துப்போகிறது. காலுறையைக் கழற்றும்போது செத்த தோல்துகள் பறந்து பக்கத்தில் இருப்பவர் மூக்கில் ஏறாமல் இருக்க மெதுவாகக் கழற்ற வேண்டும். ஆகவே நம் ஊர்க் கம்பெனி அங்கே ஒரு கிளை திறந்தால், சோல் பக்கம் மெல்லிசாகவும் அப்பர் பக்கம் கெட்டியாகவும் ஷூ செய்ய வேண்டியிருக்கும். இதைச் சொன்ன பிறகுதான் அந்தப் பிள்ளை சிரித்தது.

நிலாவில் இறங்கியவர்கள் கதை வேறு. 1969-இல் அங்கே பதிந்த அந்தப் புகழ்பெற்ற காலடி, விண்வெளி உடையின் மேல் மாட்டிக்கொண்ட ஒரு வெளிப் பூட்ஸின் தடம். அதன் சோல் சிலிக்கோன் ரப்பர். திரும்பும்போது பாரத்தைக் குறைக்க அந்தப் பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். இன்றைக்கும் அது நிலாவில்தான் கிடக்கிறது.

சரி, ஏன் மிதக்கிறார்கள்? “அங்க புவியீர்ப்பு இல்ல சார்” என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். சில பெரியவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். அது தப்பு.

விண்வெளி நிலையம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே, உங்கள் ஊரைக் கிழித்துக்கொண்டு லாரிகள் இரவும் பகலும் ஓடும் நெடுஞ்சாலையின் நீளம் சுமார் 350 கிலோமீட்டர். அந்தச் சாலையை அப்படியே நிமிர்த்தி நட்டால் விண்வெளி நிலையத்தைத் தொடக் கொஞ்சம்தான் குறையும். அவ்வளவு பக்கத்தில் புவியீர்ப்பு எங்கே போய்விடும்? தரையில் இருப்பதில் 88 விழுக்காடு அங்கேயும் இருக்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் எடைபார்க்கும் எந்திரத்தை வைத்து நீங்கள் ஏறி நின்றால், இங்கே 40 கிலோ காட்டும் உங்களை அங்கே 35 கிலோ காட்டும். மிதக்கவெல்லாம் மாட்டீர்கள்.

நிலையத்தில் இருப்பவர்கள் கோபுரத்தில் நிற்கவில்லை. விழுந்துகொண்டிருக்கிறார்கள். நிலையமும் விழுகிறது, உள்ளே இருக்கும் ஆளும் விழுகிறார், அவர் கையிலிருந்து நழுவிய பேனாவும் விழுகிறது. எல்லாம் ஒரே வேகத்தில் விழுவதால் ஒன்றுக்கொன்று மிதப்பதாகத் தெரிகிறது. பிறகு ஏன் தரையில் வந்து மோதவில்லை என்றால், அவர்கள் பக்கவாட்டில் நொடிக்கு 7.6 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடிக்கு இரண்டு மூன்று நொடி. அந்த வேகத்தில் கீழே விழ விழ, உருண்டையான பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. தரை வந்து சேர்வதே இல்லை. இப்படி விழுந்தபடியே ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார்கள். நாளொன்றுக்குப் பதினாறு தடவை சூரியன் உதிக்கும், பதினாறு தடவை மறையும்.

இப்படி விழுந்து பார்த்த இந்தியர்களில் முதல்வர் ராகேஷ் சர்மா. 1984 ஏப்ரல் 3 அன்று சோவியத் நாட்டின் சோயுஸ் கலத்தில் ஏறி, சல்யூத்-7 நிலையத்துக்குப் போனார். எட்டு நாளுக்குச் சற்றுக் குறைவான பயணம். எடையற்ற நிலையில் உடம்பு படும் பாட்டை யோகாசனம் குறைக்குமா என்று தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். மேலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டபோது, கவிஞர் இக்பால் எழுதிய பாட்டின் முதல் அடியைப் பதிலாகச் சொன்னார். உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள், அந்த அடியைச் சொல்லிக் காட்டுவார்கள். இன்று சர்மா இருப்பது நம் நீலகிரியில், குன்னூரில்.

இப்படிப் பூமியைச் சுற்ற அடுத்த இந்தியக் குடிமகன் போக 41 ஆண்டு ஆனது. 2025 ஜூன் 25 அன்று சுபான்ஷு சுக்லா அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து புறப்பட்டு, மறுநாள் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நுழைந்தார். ஜூலை 15-இல் பசிபிக் கடலில் வந்து இறங்கினார். கேரட் அல்வா, பாசிப்பருப்பு அல்வா, மாம்பழச் சாறு எல்லாம் கொண்டு போயிருந்தார். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் கொண்டுபோன பச்சைப்பயறும் வெந்தயமும். உங்கள் வீட்டில் ஈரத்துணியில் கட்டி வைத்தால் முளைக்கிறதே, அதே சமாச்சாரம்தான். மேல் எது கீழ் எது என்று தெரியாத இடத்தில் விதை எப்படி முளைவிடும் என்று பார்ப்பதற்காக அங்கே முளைக்கவைத்தார். தசை வளரும் விதத்தைப் பற்றிப் பெங்களூர் ஆய்வு நிலையம் ஒன்று தயாரித்த சோதனையும் அவர் செய்தவற்றில் ஒன்று.

தசை, எலும்பு என்று உடம்பைப் பற்றி ஏன் அவ்வளவு கவலை? அந்தக் கதைக்கு நாம் கொஞ்ச நேரம் தோல் பதனிடும் ஷாப்புக்குள் போய்வர வேண்டும்.

பச்சைத் தோல் கிடந்தால் இரண்டு நாளில் அழுகி நாறும். பதப்படுத்திய தோல் ஐம்பது ஆண்டானாலும் அப்படியே இருக்கும். காரணம், தோலுக்குள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் கொலாஜன் என்கிற புரத இழைகள். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்தார்கள். இப்போது பெரும்பாலும் பெரிய மர டிரம்மில் குரோம் உப்பைப் போட்டுச் சுழற்றுகிறார்கள். அதிலிருந்து ஈரமாய், நீலமாய் வெளியே வருவதைத்தான் உங்கள் ஊரில் ‘வெட் ப்ளூ’ என்கிறார்கள். பட்டைச் சாறும் சரி, குரோமும் சரி, கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துப் போட்டுவிடுகின்றன. கிருமிக்கு அதைத் தின்று தீர்க்க வழியில்லாமல் போகிறது. (அந்த டிரம்மிலிருந்து வெளியேறிய தண்ணீர் பாலாற்றை என்ன செய்தது என்பது இன்னொரு நீளமான கதை. அதையும் ஒரு நாள் பேசியாக வேண்டும்.)

இந்தக் கொலாஜனின் உள்வடிவத்தைக் கண்டுபிடித்தது சென்னைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் அவரோடு பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும், 1954-இல், கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட முப்புரி அமைப்பு என்று உலகத்துக்குச் சொன்னார்கள். எக்ஸ்-கதிர் படம் எடுக்க நல்ல சுத்தமான கொலாஜன் வேண்டும். பக்கத்தில் அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் அது கிடைத்தது. எதிலிருந்து எடுத்தது தெரியுமா? கங்காருவின் வால் தசைநாணிலிருந்து! தோல் தொழிலுக்காக வைத்த ஆராய்ச்சி நிலையம், ஆஸ்திரேலியக் கங்காரு, சென்னைப் பேராசிரியர் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததில் பிறந்தது அந்தக் கண்டுபிடிப்பு.

உங்கள் எலும்பும் அதே கொலாஜன்தான். கொலாஜன் இழைமேல் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த உப்பு படிந்து இறுகினால் எலும்பு. இறுகிய எலும்பு அப்படியே கிடக்கிறது என்று நினைக்காதீர்கள். உடம்பு பழைய எலும்பை அரித்து எடுத்துக்கொண்டும் புதிய எலும்பைக் கட்டிக்கொண்டும் இருக்கிறது. எவ்வளவு கட்டுவது என்பதை, நீங்கள் நடக்கும்போதும் குதிக்கும்போதும் அதன்மேல் விழும் பாரத்தை வைத்துத் தீர்மானிக்கிறது. விண்வெளியில் பாரமே விழுவதில்லையே! ‘இவ்வளவு எலும்பு எதற்கு’ என்று உடம்பு கரைக்கத் தொடங்கிவிடுகிறது. இடுப்பு, தொடை போன்ற இடங்களில் மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு எலும்புச் சத்து போகிறது. இங்கே வயதான பாட்டி ஒருவருக்கு ஓராண்டில் போவது அங்கே திடகாத்திரமான ஆளுக்கு ஒரு மாதத்தில் போய்விடுகிறது. இதைத் தடுக்கத்தான் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். அதில் ஒரு பகுதி, ரப்பர் பட்டையால் தங்களை டிரெட்மில்லோடு கட்டிக்கொண்டு ஓடுவது. ஷூவை வெளியே எடுப்பது அதற்காகத்தான்.

உடம்பு கிடக்கட்டும், மனசு என்ன ஆகிறது? சுக்லா திரும்பி வந்த பிறகு சொன்ன ஒரு சம்பவம் என்னை விழுந்து விழுந்து சிரிக்க வைத்தது. கட்டிலில் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், வேலை முடிந்ததும் மூடி, பக்கத்தில் காற்றில் விட்டுவிட்டார். மிதக்கும் என்று நினைப்பு! தரையில் கம்பளம் விரித்திருந்ததால் தப்பியது. மூன்று வாரம்கூட ஆகாத பயணத்தில் மூளை அந்த உலகத்துக்கு அவ்வளவு பழகிவிட்டது. கையில் எடுத்த தொலைபேசி கனத்தது என்றும் சொன்னார்.

மேலே இருந்தபோது பிரதமரோடு பேசுகையில் அவர் சொன்னதும் எல்லா நாளிதழ்களிலும் வந்தது: பூமி முழுக்க ஒன்றாகத் தெரிகிறது, எல்லைக் கோடு எதுவும் தெரியவில்லை என்று. விண்வெளி போய்வந்தவர்கள் பலரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். பகலில் அது சரி. இரவில் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே எல்லை வேலி நெடுக மின்விளக்கு எரிகிறது. விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த இரவுப் படங்களில் அது ஆரஞ்சு நிறத்தில் நெளிந்து ஓடும் கோடாகப் பளிச்சென்று தெரிகிறது. இயற்கை போடாத கோட்டை நாமே விளக்குப் போட்டுக் காட்டியிருக்கிறோம். இந்த விளக்கு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். விண்வெளிக்குப் போவது என்றால் 400 கிலோமீட்டர்தானா? 1968-க்கும் 1972-க்கும் இடையே 24 பேர் நிலா வரை போனார்கள். அது சுமார் 3,84,000 கிலோமீட்டர். செவ்வாய்க்குப் போக வேண்டுமென்றால் ஒரு வழிக்கே ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். எலும்புக் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கரைந்த எலும்போடு இறங்கி, அங்கே யாரும் கைபிடித்துத் தூக்க இல்லாமல் நிற்க வேண்டும். ஆசைக்கு எல்லை கிடையாது, உடம்புக்கு உண்டு.

ஆனால் மனிதன் உடம்பை அனுப்புவதற்கு முன்பே கண்ணை அனுப்பிவிட்டான். அந்தக் கண்களில் ஒன்று ஆம்பூரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது. ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போய், அங்கிருந்து மலைச்சாலையில் ஏறினால் காவலூர். கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு. ஊட்டி, கொடைக்கானல் போலச் சுற்றுலாக் கூட்டம் வரும் மலை அல்ல. இந்த இடத்தைத் தேடிப் பிடித்தவர் வைணு பாப்பு. 1927-இல் பிறந்தவர். அப்பா ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர், அதனால் பையனுக்குத் தொலைநோக்கி விளையாட்டுப் பொருள். அமெரிக்காவில் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, 1949-இல், ஒரு புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பாப்பு-போக்-நியூகிர்க் என்று அதற்குப் பெயர். அங்கேயே இருந்திருந்தால் உலகத்தின் மிகப் பெரிய தொலைநோக்கிகள் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கும். அவர் திரும்பி வந்துவிட்டார்.

1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. அது சூரியனைப் பார்க்க 1899-இல் தொடங்கிய இடம். நட்சத்திரங்களைப் பார்க்க வேறு இடம் வேண்டும் என்று நினைத்தார். இருட்டு வேண்டும், மேகம் குறைவாக இருக்க வேண்டும், முடிந்த அளவு தெற்கே இருக்க வேண்டும். ஏன் தெற்கே? வடதுருவத்தில் நிற்பவருக்குத் தெற்கு வானம் ஒருநாளும் தெரியாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு ஏறக்குறைய வானம் முழுவதும் ஓராண்டுக்குள் கண்ணில் படும். காவலூர் நிலநடுக்கோட்டிலிருந்து 12.5 பாகைதான் வடக்கே. இன்னொரு வசதியும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் வசதியாகத் தெரியாத நேரத்தில் வானத்தில் ஏதாவது நடந்தால் பார்க்க நடுவில் ஓர் ஆள் வேண்டாமா? அந்த இடைவெளியில் காவலூர் உட்கார்ந்திருக்கிறது.

1968-இல் அங்கே வேலை தொடங்கியது. முதல் தொலைநோக்கியின் கண்ணாடி 38 சென்டிமீட்டர். நம் ஆட்களே செய்தது. இன்றைக்கு அந்த அளவுத் தொலைநோக்கியை வசதியான ஒரு கல்லூரி வாங்கி மொட்டைமாடியில் வைத்துவிடும். அதை வைத்துக்கொண்டு தொடங்கினார்கள். 1972-இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்திலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த அதே ஆண்டு, ஜூன் 7 அன்று, வேலையைக் காட்டியது.

அன்றிரவு என்ன நடந்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வியாழன் கோளுக்கு கானிமீட் என்று ஒரு நிலா. சூரியக் குடும்பத்திலேயே பெரிய நிலா அது, புதன் கோளைவிடப் பெரியது. அதில் காற்று இருக்கிறதா? அப்போது அது பூமியிலிருந்து சுமார் 64 கோடி கிலோமீட்டரில் இருந்தது. போய்ப் பார்க்க வழி இல்லை. ஆனால் அன்றிரவு கானிமீட் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே வந்து அதை மறைக்கப் போகிறது என்று கணக்குச் சொன்னது. அந்த மறைப்பைப் பூமியின் எல்லா இடத்திலிருந்தும் பார்க்க முடியாது. இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் நம் காவலூரிலும் பார்க்க முடிந்தது.

தந்திரம் இதுதான். கானிமீட் வெறும் கல்லுருண்டையாக இருந்தால், அதன் ஓரம் நட்சத்திரத்தைத் தொட்டதும் வெளிச்சம் சட்டென்று அணைந்துபோகும். சுற்றிலும் காற்று இருந்தால், நட்சத்திரத்தின் ஒளி அந்தக் காற்றுக்குள் நுழைந்து வளைந்து, கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப் பிறகு மறையும். வெளிச்சத்தை விடாமல் அளக்கும் கருவி ஒன்று இருந்தால் போதும், 64 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் காற்று இருக்கிறதா என்று ஜவ்வாது மலையில் உட்கார்ந்து சொல்லிவிடலாம். அளந்தார்கள். சட்டென்று அணையவில்லை. கானிமீட்டுக்குக் காற்று மண்டலம் உண்டு என்று 1973-இல் அறிவியல் இதழில் வெளிவந்தது. எழுதியவர்களில் காவலூரின் ஜே.சி. பட்டாச்சாரியாவும் ஒருவர்.

கதை இங்கே முடிந்திருந்தால் பாடப்புத்தகத்துக்கு வசதி. 1979-இல் வாயேஜர்-1 விண்கலம் கானிமீட்டின் அருகிலேயே போய்ப் பார்த்துவிட்டு, காவலூரும் லெம்பாங்கும் கணித்த அளவுக்குக் காற்று இல்லவே இல்லை என்றது. அப்போது 1972 அளவு தவறா? 1990-களில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி மறுபடி பார்த்தது. ஆக்ஸிஜன் இருக்கிறது, ஆனால் காற்று என்று சொல்லவே கூச்சப்படும் அளவுக்கு மெல்லியது. ஆக ‘உண்டு’ என்றது சரி, ‘இவ்வளவு’ என்றது சரியில்லை. எனக்கு இந்தத் திருத்தம்தான் கண்டுபிடிப்பைவிடச் சுவாரசியமாகத் தெரிகிறது. சொன்னதை இன்னொருவர் போய்ச் சரிபார்க்கும் அளவுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள் அல்லவா?

1977 மார்ச் 10-இல் இதே போல இன்னொன்று. இம்முறை யுரேனஸ். அது ஒரு நட்சத்திரத்தை நெருங்கியபோது, கோள் மறைக்க வேண்டிய நேரம் வருவதற்கு முன்பே நட்சத்திரம் மங்கித் தெளிந்தது. காவலூரில் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் அதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்குப் புதிதாக ஒரு நிலா இருக்கிறதோ என்றுதான் முதலில் எழுதினார்கள். அமெரிக்கர்கள் அதே நேரத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு பறந்து பார்த்தார்கள். அவர்களுக்குக் கோளின் இந்தப் பக்கம் சில மங்கல்கள், அந்தப் பக்கம் அதே மாதிரி சில மங்கல்கள். நிலா என்றால் இரண்டு பக்கமும் எப்படி ஒரே மாதிரி வரும்? வளையங்கள்! சனிக்கு மட்டும்தான் வளையம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாப்புவுக்கு 1 மீட்டர் போதவில்லை. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கியை இந்தியாவிலேயே கட்ட வேண்டும் என்று இறங்கினார். இருட்டில் முழுதாக விரிந்த உங்கள் கண்ணின் பாவை 7 மில்லிமீட்டர் இருக்கும். அதைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் வெளிச்சத்தை இந்தக் கண்ணாடி வாரிக் கொள்ளும். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூரில் நடந்தது. பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. தேய்த்து, அளந்து, மறுபடி தேய்த்து, ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்குகூடப் பிசகாமல் கொண்டுவர வேண்டும். உலக வானியலாளர்கள் சங்கத்தின் தலைவராகவும் ஆகியிருந்த பாப்பு, அந்தத் தொலைநோக்கி வானத்தைப் பார்ப்பதைப் பார்க்கவில்லை. 1982 ஆகஸ்டில், ஜெர்மனியின் மியூனிக் நகரில், 55 வயதில் இறந்துபோனார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து அதைத் திறந்துவைத்தார். தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர் வைக்கப்பட்டது.

இரண்டு ஆண்டு கழித்து, 1988 பிப்ரவரியில், அங்குள்ள இன்னொரு சிறிய தொலைநோக்கி ஒரு குறுங்கோளைப் பிடித்தது. ராஜமோகனும் அவர் குழுவும் எடுத்த படங்களில் அது நகர்ந்துகொண்டிருந்தது. இந்திய மண்ணிலிருந்து குறுங்கோள் கண்டுபிடித்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. முன்பு கண்டுபிடித்தவர் சென்னை வானாய்வகத்தில் இருந்த போக்சன் என்ற ஆங்கிலேயர். காவலூர்க் குறுங்கோளின் எண் 4130. பெயர் ராமானுஜன், ஈரோட்டில் பிறந்த நம் கணித மேதைதான்.

கண்ணை மட்டுமல்ல, நம் ராக்கெட்டிலேயே ஆளையும் மேலே அனுப்புவதற்கான ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அந்த ராக்கெட்டின் எஞ்சின்களைச் சோதிப்பது திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில். அவர்கள் மேலே போகும் நாளில் தொலைக்காட்சி முன்னால் நாமெல்லாம் உட்கார்ந்திருப்போம், கைதட்டுவோம். தட்ட வேண்டியதுதான். ஆனால் காவலூரில் மேகம் விலகட்டும் என்று விடிய விடியக் காத்திருந்து, கடைசியில் ஒரு நட்சத்திரம் எப்படி மங்கியது என்று ஒரு கோட்டைப் பதிவு செய்துகொண்டு தூங்கப் போனவர்களுக்கு யாரும் கைதட்டவில்லை. அவர்கள் எட்டிய தூரமோ 64 கோடி கிலோமீட்டர். இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், நான் காவலூர்ப் பக்கம். நீங்கள் சண்டைக்கு வரலாம்.

இப்போது அந்த விளக்கு விஷயம். காவலூரைத் தேர்ந்தெடுத்தபோது சுற்றிலும் இருந்த ஊர்களில் மின்விளக்கு குறைவு. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரும் வளர்ந்தன, நெடுஞ்சாலை அகலமானது, விளக்குகள் கூடின. ஒரு தெருவிளக்கின் வெளிச்சம் தெருவில் மட்டும் விழுந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. மேல்நோக்கிச் சிதறும் வெளிச்சம் காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டு வானத்தையே வெளுக்க வைக்கிறது. விண்வெளி நிலையத்திலிருந்து இரவில் பார்ப்பவருக்கு நம் ஊர்கள் மின்னும் அழகு இருக்கிறதே, அது முழுக்க இப்படி வீணாக மேலே போன வெளிச்சம். அவர் பார்த்து ரசிப்பதற்கு நாம் மின்கட்டணம் கட்டுகிறோம், காவலூரின் கண்ணும் கூசுகிறது. காவலூரை நடத்தும் இந்திய வான்இயற்பியல் நிறுவனம் அடுத்த பெரிய தொலைநோக்கியை லடாக்கில், ஹன்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் வைத்ததற்கு அங்கே மேகமும் ஈரமும் குறைவு என்பதோடு இருட்டும் ஒரு காரணம். 2022-இல் அந்தப் பகுதியை இருள்வானக் காப்பிடமாகவே அறிவித்துவிட்டார்கள். புலிக்குக் காப்பகம் மாதிரி இருட்டுக்கு ஒரு காப்பகம்! நம் தெருவிளக்குகளுக்கு மேலே ஒரு தகட்டு மூடி போட்டால் வெளிச்சம் தெருவுக்கே இறங்கும். லடாக் வரைக்கும் போகாமல் செய்யக்கூடிய வேலை அது.

தொலைநோக்கி இல்லாமல் உங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்க்கவும் நிறைய உண்டு. மே மாதம் நடுவில், இரவு ஒன்பது மணிவாக்கில், வானம் தெளிவாக இருந்தால் தெற்கே பாருங்கள். அடிவானத்துக்குச் சற்று மேலே நாலு நட்சத்திரம் சிலுவை வடிவில் நிற்கும். அதுதான் தென்சிலுவை. டெல்லியில் இருக்கும் பிள்ளைக்கு அதை முழுதாகப் பார்ப்பது கஷ்டம். அப்படியே வடக்கே திரும்பி, கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தின்மேல் வையுங்கள். முஷ்டிக்குச் சற்று மேலே தனியாக நிற்பது துருவ நட்சத்திரம். தெற்கே சிலுவை, வடக்கே துருவம், இரண்டும் ஒரே மாடியிலிருந்து. பாப்பு தேடிய தெற்கு இதுதான்.

விண்வெளி நிலையத்தையும் பார்க்கலாம். நள்ளிரவில் தேடிப் பயனில்லை. சூரியன் மறைந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அல்லது விடிவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். அப்போதுதான் தரை இருட்டாக இருக்கும், 400 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த வெயில் பட்டுத்தான் அது மின்னுகிறது, சொந்த விளக்கால் அல்ல. எந்த நாளில் எந்தத் திசையில் வரும் என்பதை நாசா முன்கூட்டியே வெளியிடுகிறது, ஆசிரியரிடமோ அண்ணன் அக்காவிடமோ கைபேசியில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மேற்குப் பக்கத்தில் கிளம்பி, நல்ல வெளிச்சத்தோடு, சத்தமே இல்லாமல், நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடக்கும். சில நாளில் பாதி வழியிலேயே மங்கி மறையும். பூமியின் நிழலுக்குள் புகுந்துவிட்டது என்று அர்த்தம். சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தால் ஏமாந்துவிடாதீர்கள், அது பெங்களூரில் இறங்கப் போகிற விமானம்.